சவரி முன்னால வரலீங்க

ஏனுங் தம்பி, அந்தப் பந்தைக் காலடியில வெக்காதீங்க, மடியில வெச்சுக்குங்க. டிரைவர் ஒரு ஒடி ஒடிச்சார்னா முன்னால உருண்டு போயிரும். வாத்தியாருங்களா? டிரில் மாஸ்டரா? அப்படிச் சொல்லுங்க. நீங்க எந்த எடத்துல ஆடுவீங்க? ஃபார்வர்டா. ம். எவனைக் கேட்டாலும் ஃபார்வர்டுதான். நான் பேக்குன்னு ஒருத்தன் சொல்லட்டும், அவன் கையைப் புடிச்சுக் கும்புடுவேன்.

நான் பேக்குங்க. லெஃப்ட் பேக். ரத்னவல்லி மில் டீம்ல ஆறு வருசம், ஐம்பத்தொண்ணுல இருந்து ஐம்பத்தேழு வரைக்கும். பேரு ஆறுக்குட்டி. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கேள்விப்பட்டிருக்க வேண்டிய பேருதாங்க. ஒருத்தன் கெடுத்துட்டான். கூடவே நின்னு, கூடவே தின்னு, கெடுத்துட்டான்.

கோயமுத்தூர் வரைக்குந்தானே போறீங்க? அப்பச் சொல்றேன், கேளுங்க. கிணத்துக்கடவே இன்னும் வரலையே.

அன்னைக்கு மில் வேலைங்கறது சும்மா கெடைக்காதுங்க. வெடியால கேட்டுல நூறு பேரு நிப்போம், பதிலி ஆளாப் போறதுக்கு. உள்ள எத்தனை பேரு லீவோ அத்தனை பேரை மேஸ்திரி கையைக் காட்டிக் கூப்பிடுவாரு. மத்தவன் எல்லாம் தூக்குப் போசியைத் தூக்கிட்டு ஊட்டுக்குத் திரும்போணும். எட்டு மாசம் நின்னேன் நானு. பொங்கலுக்கு மில் சாளைக்காரங்க, அதான் மில் லைன் ஊடுகள்ல குடியிருந்தவங்க, பந்து வெளையாடுனோம். ஸ்பின்னிங் மாஸ்டர் பார்த்துட்டிருந்தாரு. கோதண்டராமுலுன்னு பேரு, மில்லுல மொதலாளிக்கு அடுத்த ஆளு அவருதான். நான் தலையில முட்டுன பந்து பாதி மைதானம் தாண்டிப் போச்சு. அடுத்த நாளே கூப்பிட்டு நிரந்தர வேலை குடுத்துட்டாரு. ரிங் பிரேமுல, நூல் நூக்கற மிசினுல. மூணு மணிக்கு வெளியில வந்து பந்து ஆடலாம், ஷிப்டு முழுசாப் போட்ட கணக்கு. சோறு போட்டவருங்க அவரு. அதை நான் மறக்க மாட்டேன். இதை ஏன் சொல்றேன்னா, நன்றிங்கறது எனக்கு உண்டு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு மேல கேளுங்க.

ரைட் பேக் சவரி. சவரிமுத்து. எனக்கு ஒரு வருசம் முன்னால சேர்ந்தவன். கறுப்பா, ஒல்லியா, பேசவே மாட்டான். அப்பெல்லாம் இப்ப மாதிரி நாலு பேக்கு கெடையாதுங்க, ரெண்டே பேருதான். பின்னால கோல் காக்கற கோலி. அம்புட்டுத்தான். பூட்ஸும் கெடையாது. கணுக்காலுக்குத் துணி சுத்திட்டு வெறுங்காலோட ஆடுவோம்.

ஆஃப்சைடு உங்களுக்குத் தெரியும். ஆனா நாங்க வெச்ச ஆஃப்சைடு வேறங்க. எதிராளி ஃபார்வர்டு நைசா எங்க பக்கத்துல வந்து நிப்பான். அவன் டீம் ஆளு பந்தை ஒதைக்கப் போற நேரம் பார்த்து நான் தொடையில ஒரு தட்டு தட்டுவேன். படார்னு. நானும் சவரியும் ஒண்ணா நாலு எட்டு முன்னால போயிருவோம். போயிட்டுக் கையைத் தூக்குவோம். ஃபார்வர்டுக்காரன் பின்னால தனியா நிப்பான், அம்மணமா நிக்கறவனாட்ட. லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிருவாரு. தீர்ந்துது.

இதுல ஒரு விசயம் இருக்குது. ஒருத்தனை ஒருத்தன் திரும்பிப் பாக்க முடியாது. பாத்தா நேரம் போயிரும். சத்தம் கேட்டா போகோணும். ஒருத்தன் போயி ஒருத்தன் நின்னுட்டா, ஃபார்வர்டுக்கு ராஜபாட்டை. ஆறு வருசத்துல ஒரு தாட்டி கூட அவன் நின்னதில்லீங்க. காய்ச்சலோட ஆடியிருக்கான், அப்பவும் நின்னதில்லை. அப்படி ஒரு ஆளு.

அதனாலதான் வயிறு எரியுது.

இத்தனை ஆடியும் நாங்க லீக்குல இல்லீங்க. ஜில்லா லீக்குல சேர்க்கலை. கோயில் நோம்பிக்கு ஆடுவோம், பொருட்காட்சிக் கப்பு ஆடுவோம், எஸ்டேட்டுக்குப் போய் ஆடிட்டு வருவோம். ஜெயிச்சா பேப்பர்ல ஒரு வரி வரும். மில் டீம் வெற்றின்னு. லீக்குல ஆடுனா அப்படி இல்லை. பதினோரு பேரும் வரும், யாரு நல்லா ஆடுனான்னு வரும். எனக்கு அது வேணும்னு இருந்துது. தப்புங்களா? இருபத்தேழு வயசு. இன்னும் மூணு வருசம் ஆடுனா முட்டி போயிரும். அதுக்குள்ள லீக்குல ஆடியாகோணும்.

ஐம்பத்தேழுல மாஸ்டர் கூப்பிட்டுச் சொன்னாரு. "இந்த வருசம் பொருட்காட்சிக் கப்பை ஜெயிச்சுக் குடுங்கப்பா. கப்பைக் காமிச்சு லீக்குல சேர்த்து விட்டர்றேன். அங்கே ஆறுக்குட்டிதான் கேப்டன்." எல்லார் முன்னாலயும் சொன்னாரு. சவரி சிரிச்சுட்டே என் முதுகுல ஒரு அடி வெச்சான். அடிச்ச கை அதுதான். கேளுங்க.

கிணத்துக்கடவு வந்துருச்சு. சித்த உக்கோருங்க, எறங்கிறாதீங்க, டீ குடிக்கறதுக்கெல்லாம் இங்க நிறுத்த மாட்டான்.

எங்க உட்டேன்? ஆமா. அந்த வருசந்தான் மில்லுல ஒரு தகராறு. ரிங் பிரேமுல ஒரு ஆளு மிசினுக்கு ரெண்டு பக்கம், ரெண்டு சைடு பாத்துட்டிருந்தோம். இனிமே நாலு சைடு பாக்கோணும்னு சொல்லிட்டாங்க. ஒருத்தன் ரெண்டு பேரு வேலை செஞ்சா இன்னொருத்தன் ஊட்டுக்குப் போகோணும், கணக்கு அதுதான். ஆளுங்களுக்குக் கோபம். எனக்கு அதுல தலையிட நேரமில்லைங்க. கப்பு மேட்ச் நடந்துட்டிருக்குது.

ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம். கால்ல சுத்தற துணி வாங்கறதுக்குச் சவரி ஊட்டுக்குப் போனேன். உள்ள அஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க, சவரியோட சேர்த்து. ஒருத்தன் சவரி சம்சாரத்துக்குத் தம்பி, அருளப்பன்னு. சின்ன வயசு, அப்பத்தான் கல்யாணமாயிருந்துது. பேப்பர்ல என்னமோ எழுதிட்டிருந்தாங்க. நாலு சைடு பாக்க மாட்டோம்னு எல்லார்த்துகிட்டயும் கையெழுத்து வாங்கறதுக்கு. சவரி என்னைப் பார்த்துட்டு, "வா ஆறு, உக்காரு. நம்ம ஆளுதான், எழுதுங்க"ன்னான். சம்சாரம் டீ கொண்டாந்து குடுத்துச்சு. குடிச்சுட்டுத் துணியை வாங்கிட்டு வந்துட்டேன். அவ்வளவுதான்.

மறுநா மாஸ்டர் பங்களாவுக்குக் கூப்பிட்டு உட்டாரு. என்னை நாற்காலியில உக்கோரச் சொன்னாருங்க. நம்புங்க, நாற்காலி. காப்பி வந்துச்சு, வெள்ளி டம்ளர்ல. கால் எப்படி இருக்குது, ஊட்ல எப்படின்னு நெம்ப நேரம் பேசிட்டிருந்தாரு. அப்பறம், "சாளையில யாரோ கூட்டம் போடறாங்களாமேப்பா"ன்னாரு.

நான் என்ன செய்யறது? பொய் சொல்ற பழக்கம் எனக்கு இல்லை. உள்ளதைச் சொன்னேன். நாலு பேரைச் சொன்னேன். அஞ்சு பேரு இருந்தாங்க, நாலு பேரைத்தான் சொன்னேன். சவரி பேரைச் சொல்லலீங்க. யாரு ஊட்டுலன்னு கேட்டாரு, சாளையிலன்னுட்டேன். அவனை நான் காப்பாத்துனேன். அதை இன்னிக்கு வரைக்கும் அவங்கிட்ட சொல்லிக் காட்டுனதில்லை.

அந்த வியாழக்கெழமை நாலு பேரையும் கேட்டுல நிறுத்திட்டாங்க. இனிமே வேலை இல்லைன்னு. அருளப்பன் கேட்டுக் கம்பியைப் புடிச்சுட்டு நின்னான், பார்த்தேன். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துது. யாருக்கும் கஷ்டம் வரோணும்னு நான் சொல்லலை. கண்டிச்சு உடுவாங்கன்னு நெனச்சேன்.

இப்பத்தான் கூத்து. அஞ்சு பேரு கூடுனாங்க, கூடுனது சவரி ஊட்டுல, நாலு பேருக்கு வேலை போச்சு, சவரிக்கு மட்டும் போகலை. ஆளுங்க என்ன பேசுவாங்க? சவரிதான் சொல்லிக் குடுத்தான்னு பேசுனாங்க. குழாயடியில அவன் சம்சாரத்தோட கொடத்தை ஒதுக்கி வெச்சாங்க. அருளப்பன் அக்கா ஊட்டு வாசப்படி மிதிக்கறதை உட்டுட்டான். எனக்கு அது நெம்ப வருத்தம்.

எங்க கோலி ரங்கண்ணன்னு ஒருத்தர், அவரு எனக்குச் சொன்னாரு. நாலு பேரும் சவரியைச் சுத்தி நின்னுட்டுக் கேட்டாங்களாம், "அன்னைக்கு உன் ஊட்டுக்கு வேற யாராச்சும் வந்தாங்களா? நாங்க கெளம்புனப்பறம் யாருகிட்டயாச்சும் பேசுனியா?"ன்னு. நான் வந்தது அவங்களுக்குந்தான் தெரியும். அதனால, "ஆறுக்குட்டி வந்தானே"ன்னு ஒருத்தன் சொல்லியிருக்கான். சவரி என்ன சொன்னான் தெரியுங்களா? "அவனைப் பத்திப் பேசாதீங்க. என்னை வேணா சொல்லிக்குங்க. அவன் செய்ய மாட்டான்"னானாம். ரெண்டு வாரம் அப்படியே சொல்லிட்டிருந்தானாம். பாருங்க, விசயம் தெரியாம ஏன் அடிச்சுப் பேசோணும்? எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமில்ல? கேட்டிருந்தா உள்ளதைச் சொல்லியிருப்பேன். அவன் கேக்கவே இல்லை. தெனமும் மூணு மணிக்கு வந்தான், பந்து ஆடுனான், நான் தட்டுனா முன்னால வந்தான். எப்பவும் போலத்தான் இருந்தான். அதனால நானும் ஒண்ணும் பேசலை.

அப்பறம் ஃபைனல். காலேஜ் மைதானத்துல. மேட்டுப்பாளையத்து டீமோட. மூவாயிரம் சனம் இருக்கும், எங்க மில்லுல இருந்தே லாரி லாரியா வந்திருந்தாங்க. மரத்தடியில உக்காந்து கால்ல துணி சுத்திட்டிருக்கோம், மாஸ்டர் வர்றாரு. கையில ஒரு அட்டைப் பெட்டி. தொறந்தா, பூட்ஸு! புதுசு, தோல் வாசம் அடிக்குது. எல்லாருக்கும் இல்லீங்க. எனக்கு மட்டும். என் தோள் மேல கையைப் போட்டுட்டு மாஸ்டர் சொன்னாரு. "விசுவாசமான ஆளுன்னா ஆறுக்குட்டி மாதிரி இருக்கோணும். சாளையில நடக்கறது மில்லுக்கு நல்லபடியாத் தெரிஞ்சுதுன்னா அது இவனாலதான். எல்லாரும் பார்த்துக் கத்துக்குங்க."

ரங்கண்ணன் தலையைக் குனிஞ்சுட்டாரு. சவரி கால்ல துணி சுத்திட்டிருந்தவன் பாதியில நிறுத்திட்டு அந்தப் பூட்ஸையே பாத்துட்டிருந்தான். நெம்ப நேரம் பாத்தான். பொறாமைதானே? வேற என்ன? அவன் எனக்கு ஒரு வருசம் சீனியரு. பூட்ஸு எனக்கு வந்துது. மனுசனுக்கு இருக்கறதுதான்னு நெனச்சுக்கிட்டேன்.

வெளையாட்டு ஆரம்பிச்சுது. சவரி ஆடுனாம் பாருங்க, அந்த மாதிரி அவன் ஆடி நான் பார்த்ததில்லை. அவங்க சென்டர் ஃபார்வர்டு குஞ்ஞாலின்னு ஒரு மலையாளத்துக்காரன், குதிரையாட்ட ஓடுவான். அவன் கால்ல இருந்து பந்தைப் பிடுங்கிப் பிடுங்கி எறியறான் சவரி. எனக்குப் பூட்ஸு புதுசு, குதிங்கால் கடிச்சு ரத்தம். என் பக்கம் வந்ததையும் அவனே ஓடி வந்து எடுத்தான். ரெண்டு பக்கமும் கோல் இல்லை. இன்னும் பத்து நிமிசம் இருக்குது. டிராவுன்னா மறுபடியும் ஆடலாம், எங்களுக்கு நல்லது.

அப்பப் பந்து நடு மைதானத்துல. குஞ்ஞாலி எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து நிக்கறான். அவங்க ஆள் காலைத் தூக்கறான். நான் தொடையில தட்டுனேன். படார்னு. கேக்காம இருக்க முடியாது, எங்க கோலிக்கே கேட்டுச்சாம். முன்னால ஓடுனேன் நாலு எட்டு. கையைத் தூக்குனேன். கொடியைப் பாக்கறேன். கொடி ஏறலை.

திரும்பிப் பார்த்தேன். சவரி முன்னால வரலீங்க.

நின்ன எடத்துலயே நிக்கறான். குஞ்ஞாலி அவனைத் தாண்டி ஓடறான், அவன் பந்தைப் பாக்கலை, குஞ்ஞாலியைப் பாக்கலை, என்னைப் பாக்கறான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. தூக்குன கையை அப்படியே நீட்டி அவனைக் காட்டுனேன். "இவந்தான்! இவந்தான்!"னு கத்துனேன். மூவாயிரம் சனத்துக்கு முன்னால. பந்து இன்னும் வலைக்குள்ள போகலை, அதுக்குள்ள கத்துனேன்.

சவரி தலையை ஆட்டுனானுங்க. ஆமாங்கற மாதிரி. ஒரு தாட்டி, மெதுவா. என்ன தைரியம் பாருங்க! செஞ்சுட்டு, ஆமான்னு தலையை வேற ஆட்டறான்.

ஒண்ணுக்கு சைபர். தோத்தோம்.

இதுல எனக்குத் தாங்க முடியாதது என்னன்னா, தோத்ததுகூட இல்லீங்க. தோத்துட்டு வெளியில வந்தா எங்க மில் ஆளுங்க, சாளைக்காரங்க, அத்தனை பேரும் சவரியைச் சுத்திட்டாங்க. திட்டறதுக்கில்லை! தோள் மேல கை போடறாங்க. சோடா ஒடைச்சுக் குடுக்கறாங்க. அருளப்பன் வந்து அவனைக் கட்டிப்புடிச்சுட்டு அழுகறான். மேட்சைத் தொலைச்சவனுக்கு மாப்பிள்ளை ஊர்வலம். நான் பூட்ஸைக் கழட்டி ரத்தத்தைத் தொடைச்சுட்டிருக்கேன், என்ன ஆறுக்குட்டீன்னு ஒரு நாய் கேக்கலை. லாரியில எடம் இல்லைன்னுட்டாங்க. நடந்து வந்தேன்.

அடுத்த நாள் அவன் பிரேமுக்கே போய்க் கேட்டேன். "ஏன்டா நின்னே?"ன்னு. இழை அறுந்ததை முடிச்சுப் போட்டுட்டிருந்தான். "ஒருத்தனைத் தனியா நிக்க வெச்சுட்டுக் கையைத் தூக்கறது இனி எனக்கு ஆகாது ஆறு"ன்னான். அவ்வளவுதான். இது ஒரு பதிலுங்களா? நீங்க டிரில் மாஸ்டரு, நீங்க சொல்லுங்க. ஆஃப்சைடுங்கறது சட்டம். புஸ்தகத்துலயே போட்டிருக்குது. அதுல ஆகறது என்ன, ஆகாதது என்ன? அந்த மாசக் கடைசியில வேலையை உட்டுட்டான். இரும்பு வார்க்கற பவுண்டரிக்குப் போயிட்டான்னாங்க.

டீமும் அதோட போச்சு. நாலு சைடு வந்துருச்சு. என்னை மேஸ்திரி ஆக்குனாரு மாஸ்டர். முப்பது வருசம் மேஸ்திரி. வெடியால கேட்டுல நின்னு பதிலி ஆளுகளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டிருக்கேன். என் முன்னால எல்லாரும் மரியாதையாத்தான் இருப்பாங்க. நான் டீக்கடைக்குள்ள போனா பேச்சு நின்னுரும், அம்புட்டு மரியாதை.

லீக்கு விசயம் ஒண்ணு சொல்லோணும். ரிட்டையர் ஆனப்பறம், ஜில்லா சங்கத்துல கணக்கு எழுதிட்டிருந்த ஒரு பெரியவரை ஒரு கல்யாணத்துல பார்த்தேன். "ஐம்பத்தேழுல எங்களுக்கு லீக்கு கை தவறிப் போச்சுங்க"ன்னேன். அவரு யோசிச்சுப் பார்த்துட்டு, "ரத்னவல்லி மில்லா? உங்க மில்லுல இருந்து எந்த வருசமும் ஒரு விண்ணப்பமும் வரலையே. கப்புக்கும் லீக்குக்கும் சம்பந்தமே இல்லையே. எழுதிக் கேட்டிருந்தாலே சேர்த்திருப்போமே"ங்கறாரு. கேளுங்க! மாஸ்டர் மறந்திருப்பாரு. பெரிய மனுசங்களுக்கு ஆயிரம் சோலி. கப்பு வந்திருந்தா கட்டாயம் எழுதியிருப்பாரு. அதைக் கெடுத்தது யாரு? சவரிதானே? நாலு எட்டு. நாலே எட்டு முன்னால வந்திருந்தா...

ஏன் தம்பி பேசாம இருக்கீங்க? சன்னலுக்கு வெளியில அப்படி என்ன தெரியுது? நீங்களும் அவங்கட்சியா? பரவால்ல, சொல்லுங்க. எல்லாரும் அவங்கட்சிதான்.

சரி, உக்கடம் வரப்போகுது. ஒண்ணு கேக்கறேன், அதுக்காச்சும் பதில் சொல்லுங்க.

போன மாசம் எங்கூர்ப் பக்கம் கண்ணு முகாம் போட்டாங்க. கல்யாண மண்டபத்துல. எனக்கு எடது கண்ணுல ஆபரேசன் பண்ணிக் கட்டுப் போட்டுப் படுக்க வெச்சுட்டாங்க, வரிசையாப் பாய் போட்டு. மத்தியானம் பக்கத்துப் பாயில ஒருத்தரைக் கொண்டாந்து படுக்க வெச்சாங்க. அவருக்கு ஒரு கண்ணுல கட்டு, இன்னொண்ணு வெள்ளை பூத்துப் போச்சு. ஒண்ணுந் தெரியாது. என் வலது கண்ணு நல்லாத் தெரியுமில்ல? பார்த்தேன். சவரி.

நாப்பத்தோரு வருசம். என்னென்ன கேக்கோணும்னு நெனச்சு வெச்சிருந்தேன் தெரியுங்களா? கிறுக்கனாட்ட ஊட்டுச் செவுத்தைப் பார்த்துப் பேசிப் பழகி வெச்சிருந்தேன். பாயில கெடக்கறான், எந்திரிச்சு ஓட முடியாது. அந்தாளு கையைத் துழாவி என் பக்கம் நீட்டறான். "யாருங்க பக்கத்துல? எந்த ஊருங்க?"ன்னான். முகாம்ல குடுத்த பன்னைப் பிச்சுப் பாதியை நீட்டறான். வாங்கிக்கிட்டேன். கொரலைத் தாழ்த்திக்கிட்டு, ரத்னவல்லி மில்லுல இருந்தேன்னேன். பேரு கேட்டான். பழனியப்பன்னு சொல்லிட்டேன்.

"அங்க ஆறுக்குட்டின்னு ஒருத்தன் இருந்தானே, தெரியுங்களா?"ன்னான். தெரியலீங்கன்னேன். அப்பறம் சொல்றான், "நல்ல பேக்குங்க. அவன் எடது பக்கம் நின்னான்னா நான் அந்தப் பக்கம் திரும்பியே பாத்ததில்லை. அந்த மாதிரி ஒருத்தங்கூட அப்பறம் எனக்கு வாய்க்கவே இல்லை"ன்னான். திட்டுவான்னு பார்த்தேன். திட்டலீங்க.

மறுநா வெடியால அவனுக்குக் கட்டு அவுக்கறாங்கன்னாங்க. நான் அதுக்குள்ள என் கட்டோட எந்திரிச்சு ஊட்டுக்கு வந்துட்டேன். நர்சம்மா பின்னால கத்துச்சு, நிக்கலை. அதுல சீழ் வெச்சு, இப்பப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன். கண்ணு தேறாதுங்கறாங்க.

என்னைக் கெடுத்தவன் அவன். கூட நின்னு கெடுத்தவன். பக்கத்துலயே கெடந்தான். அப்ப நான் ஏனுங்க என் பேரை மாத்திச் சொன்னேன்?